மணியம் வளர்த்த தாடி

போன வாரம் லோகேஸ்வரி அழைத்தார். தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் மருத்துவ உதவியாளர் அவர். என் பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறதாம். அதை என் பணிக்காலத்தின் மீதான விமர்சனமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் நாற்காலி இல்லை. ஈப்போவில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகள், திருநங்கைப் பிள்ளைகள், அவர்களைப் பிடித்துக்கொள்ளும் மனச்சோர்வு, வீடு கைவிட்டால் என்ன ஆகிறது, கைவிடாவிட்டால் என்ன ஆகிறது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், உங்க காலத்துல இந்த மாதிரி பிள்ளைங்க யாராச்சும் கிளினிக்குக்கு வந்திருக்காங்களா?"

'உங்க காலம்' என்று அவர் சொன்னது சில வருடங்களுக்கு முந்தைய காலத்தை. விருப்ப ஓய்வு வாங்கியவனை உலகம் உடனே கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் தள்ளிவிடுகிறது.

"வந்தாங்கம்மா. தலைவலின்னு வந்தாங்க. வயித்துவலின்னு வந்தாங்க. தூக்கம் வரலன்னு வந்தாங்க. இதான் விஷயம்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வரல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"விட்டமின் பி குடுத்தேன்."

சிரித்தார். நான் உண்மையைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார்கள். நக்கல்காரன் என்று பெயர் அமைந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "அப்படி ஒரு கேஸ எழுதிக் குடுங்க சார், பயிற்சியில குடுத்த தாள்ல எல்லாம் இருக்கு, மனுசங்க மட்டும் இல்ல" என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டேன். பையன், "எழுதுங்க அங்கிள், ஆனா சோகமா எழுதாதீங்க" என்றான். அவனுடைய அப்பா நெடுநேரம் யோசித்து, "தாடி எனக்கு நல்லா இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றார். நல்லா இல்லை. எழுத்தாளனுக்கு என்று சில பொறுப்புகள் இருக்கின்றன.

நான் எப்படி டிரசர் ஆனேன் என்பது பெரிய கதையில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரை எங்கள் மக்கள் இன்னும் டிரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டராகும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. கிராணியாகி ஆபீசில் உட்காரும் அளவுக்குப் பொறுமை இல்லை. படிக்கப் போனேன், கட்டுப் போடவும் ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றேன், மலைக்குத் திரும்பி வந்தேன். வாத்தியார்கள் கற்றுத் தராததை டாக்டர் ராஜம்மா கற்றுத் தந்தார்.

அவர் எங்கள் தோட்டத்துக்கு வியாழக்கிழமைகளில் வந்துபோகும் டாக்டர். வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு சின்னப் பச்சைக் காடியில் ஏறி வருவார். காடியை நிறுத்தி, உள்ளே வந்து, கையைக் கழுவி, துடைத்து, துடைத்த துணியை நாலாக மடித்து வைக்கும்வரை வாய் திறக்க மாட்டார். பிறகு என்னை 'மிஸ்டர்' என்பார். மிஸ்டருக்குப் பிறகு என் பெயர் வராது. கடைசிவரை வரவில்லை.

நோயாளியைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்க மாட்டார். "கூட யாரு வந்தா, மிஸ்டர்?" என்பார்.

கிளினிக்குக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. கூட வந்தவர்கள் அதில் உட்காருவார்கள். விரல் கீறிக்கொண்ட புது மருமகளுக்கு ஏழு பேர் வந்து இடம் போதாமல் நிற்பார்கள். நெஞ்சுவலிக்காரர் தனியாக வந்து, "ஒன்னுமில்ல, சும்மா வந்தேன்" என்பார். டாக்டர் ஏழு பேருக்கும் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, நெஞ்சுவலிக்காரரை ஆம்புலன்சில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். "உடம்பு உள்ள இருக்கு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பெஞ்சப் பாத்தா தெரியும்" என்பது அவர் வாதம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் நிறையப் படிப்பவன், தேடிப் பார்த்திருக்கிறேன்.

சர்வின் தனியாகத்தான் வந்தான்.

பத்தொன்பது வயது. பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி தோட்டத்துக் கடை ஒன்றில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழச்சாறு கலக்கிக் கொடுக்கும் வேலை. முதல்முறை தலைவலி என்றான். அடுத்தமுறை தூக்கமில்லை என்றான். மூன்றாம் முறை வந்தபோது என்ன செய்கிறது என்றே சொல்லாமல், "லீவுக்கு எம்.சி. மட்டும் குடுங்க அங்கிள்" என்றான். மெலிந்திருந்தான். ஸ்வெட்டர் அவன் மேல் தொங்கியது.

காரணம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைக்கு, எங்கள் லயத்துக்கு, ஒரு வாட்சாப் குழு உண்டு. தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டில் கருமாதி, கோயில் கூட்டம் எப்போது என்பதெல்லாம் அதில்தான் வரும். அதில் யாரோ ஒரு படத்தைப் போட்டுவிட்டார்கள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளக்கடைக்குப் பக்கத்தில் சர்வினும் இன்னொரு பையனும். அந்தப் பையன் நவீன், கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை. நவீனின் தோளில் சர்வின் தலை சாய்த்திருந்தான். அவ்வளவுதான் படம். அதற்குக் கீழே வந்தவைதான் நோய். சிரிக்கும் முகங்கள், "மாப்ள யாரு, பொண்ணு யாரு?" என்று ஒன்று, "கோயில் பக்கம் வந்து தொலைக்காத" என்று இன்னொன்று. கடைசியாகச் சொன்னதை எழுதியவர் கோயில் கமிட்டித் தலைவர் வேலாயுதம். அந்தக் குழுவில் சர்வினும் இருந்தான். அவன் அப்பாவும் இருந்தார்.

அவன் மூன்றாம் முறை வந்தது ஒரு வியாழக்கிழமை. டாக்டர் கையைத் துடைத்து, துணியை மடித்து வைத்து, என்னைப் பார்த்தார்.

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரல டாக்டர்."

அவனை உள்ளே கூப்பிட்டார். நாடி பார்த்தார். சாப்பாடு, தூக்கம், வேலை என்று விசாரித்தார். அவன் ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னான். பிறகு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் குரலில் கேட்டார்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

என் கையிலிருந்த தட்டு சத்தமாக மேசைமேல் இறங்கியது. அவன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், "ஆமா" என்றான். சொன்னதும் மூச்சு விட்டான். அன்று அவன் விட்ட முதல் முழு மூச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அப்படிப் பட்டென்று கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிடாதா என்று பிறகு அவரிடம் கேட்டேன். "பசிக்குதான்னு கேட்டா பசி வந்துடுமா, மிஸ்டர்? இருக்கிற பசியச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்" என்றார்.

"நான் நோயாளியா டாக்டர்? இத சரி பண்ண முடியுமா?" என்று சர்வின் கேட்டான்.

"தூக்கமில்லாதத சரி பண்ணலாம். சாகணும்னு தோணுறத சரி பண்ணலாம். நீ ஒருத்தன நேசிக்கிறது நோய் இல்ல, அதுக்கு என்கிட்ட மருந்தும் இல்ல. இப்ப நீ தனியா இருக்கக் கூடாது. யாரக் கூப்பிடட்டும்?"

"யாரும் வரமாட்டாங்க."

"வருவாங்களான்னா கேட்டேன்? யாரக் கூப்பிடட்டும்னு கேட்டேன்."

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பா" என்றான். உடனே, "தலைவலின்னு சொல்லுங்க" என்றான்.

"தலைவலிக்கெல்லாம் நான் அப்பாவக் கூப்பிட மாட்டேன் தம்பி. சாகத் தோணுதுன்னு சொல்லலாமா? மத்தது எதுவும் நான் சொல்லல."

"மத்தது அவருக்கே தெரியும். படம் வந்ததுலேர்ந்து எங்கூடப் பேசல."

அவன் அப்பா மணியம் மலைச்சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவது குறைந்து பல காலம் ஆகிறது; பெட்டி பொருத்திய பெரிய கத்தரியால்தான் வெட்டுவார்கள். கத்தரிக்காரர்களில் மணியம் முதல் ஆள். ஆள் அனுப்பியதும் வந்துவிட்டார். காலில் பூட்ஸ், இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பு, தோளில் கத்தரி. கத்தரியைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றார். பேச்சில்லாத மனிதர். நான் வாங்கும் புத்தகங்களில் முன்னுரைக்கு ஆகும் சொற்கள் அவருக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். மணியம் மகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நா என்னா செய்யணும்?" என்றார்.

"தனியா விடாதீங்க. நாளைக்குத் தானா ராத்தாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, மனநல டாக்டருக்கு எழுதித் தர்றேன். அதுக்கப்புறமும் கூடப் போங்க. வீட்டுல ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டுற மாதிரி வைக்காதீங்க."

"எதெல்லாம்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். வீட்டச் சுத்திப் பாருங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தான் சற்றுக் கவனமாகச் சொல்லியிருக்கலாம் என்று டாக்டர் பின்னால் ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் நான் கிளினிக்கைப் பூட்டப் போகும்போது மணியத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஒரு சாக்கு. அவரே தூக்கி வந்து உள்ளே வைத்தார். திறந்து பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கோசுப் பாத்திக்கு வைத்திருந்த பூச்சிமருந்து இருந்தது. பாராங்கத்தி இருந்தது. நியாயம். அதற்குக் கீழே காய் நறுக்கும் கத்தி, அரிவாள்மணை, தேங்காய் துருவி, தையல் கத்தரிக்கோல், ஊசி டப்பா, நகவெட்டி, அவர் சவரம் செய்யும் பிளேடு, எல்லாவற்றுக்கும் அடியில் வேலைக் கத்தரி.

"மணியம், இது வேலைக்கு வேணுமே?"

"வெட்டுறதுதானே?" என்றார். "இங்கயே இருக்கட்டும் டிரசர். டாக்டரு சொல்ற வரைக்கும்."

ஆபத்தான மருந்துகளைப் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரி ஒன்று கிளினிக்கில் உண்டு. அதன் கீழ்த்தட்டில் அரிவாள்மணையையும் தேங்காய் துருவியையும் வைத்துப் பூட்டினேன். பூச்சிமருந்தைத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்தேன். சோதனைக்கு அதிகாரிகள் வந்திருந்தால் அந்தத் தேங்காய் துருவியை நான் எந்த மருந்து வகையில் சேர்த்திருப்பேன் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

மறுநாள் காலை பெரட்டு. வேலை தொடங்கும் முன் எல்லோரும் கூடி நிற்க, கங்காணி ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். உடம்பு முடியாதவர்களைப் பார்க்க நானும் போவேன். மணியம் வெறுங்கையோடு நின்றார். சின்ன தொரை, அதாவது உதவி மேனேஜர், புதிதாக வந்த இளைஞர், கத்தரி எங்கே என்று கேட்டார்.

"டிரசர்கிட்ட இருக்கு தொரை."

"உடம்பு சரியில்லையா?"

"எம் பையனுக்கு. வீட்டுல வெட்டுறது எதுவும் வைக்கக் கூடாது. இன்னிக்கு அவனத் தானா ராத்தாவுக்குக் கூட்டிட்டுப் போகணும், லீவு வேணும். நாளையிலேர்ந்து கைவேலை எதுனாச்சும் குடுங்க."

பின்வரிசையில் வேலாயுதம் பக்கத்து ஆளிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பையனத் திருத்தத் துப்பில்ல, கத்தரியக் கொண்டுபோய் அடகு வச்சிட்டான்" என்றார். சிலர் சிரித்தார்கள். மணியம் திரும்பவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது. மறுநாளிலிருந்து, தோட்டத்தின் முதல் கத்தரிக்காரர் நாற்றுப் பண்ணையில் பங்களாதேஷ் பையன்களோடு உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பினார்.

வீட்டில் பவானி, சர்வினின் அம்மா, வேறு மாதிரி இருந்தார். முதல் வாரம் என்னிடம் வந்து அழுதார். "ஒரு ஊசி போட்டு விடுங்களேன் டிரசர், பழையபடி ஆயிடட்டும்."

"பழையபடியும் அவன் இதேதான்மா. நமக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

"மனுசரு ஒரு கத்தியில்லாம ஆக்கி வச்சிட்டாரு. நான் எப்படி ஆக்குறது?"

ஆனாலும் ஆக்கினார். கீரையைக் கையால் கிள்ளினார். தக்காளியைப் பிசைந்தார். கத்தரிக்காயை முழுசாகச் சுட்டார். வெங்காயத்தை அம்மியில் வைத்து நசுக்கினார். கடையிலேயே வெட்டித் தர வேண்டும் என்பதற்குக் கோழிக்காரன் ஒத்துக்கொள்ளாததால் கறி நின்றுபோனது. அந்த வீட்டில் அத்தனை நாளும் பல்லும் விரலும் செய்யக்கூடிய சமையல்தான் நடந்தது. என்ன ஏது என்று புரியாமல் ஆரம்பித்த பவானி, கொஞ்சம் கொஞ்சமாக, தான் ஏன் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதைத் தினமும் மூன்று வேளை யோசிக்க வேண்டியதாயிற்று. எந்த ஆலோசகரும் அவ்வளவு வேலை செய்திருக்க முடியாது.

சர்வின் தானா ராத்தாவுக்குப் போய் வந்தான். மாத்திரை கொடுத்தார்கள், பேசினார்கள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் மணியம் கூடப் போனார். "அப்பா என்ன பேசுறாரு?" என்று கேட்டேன். "ஒன்னும் பேசல அங்கிள். போற வழியில ஒரு பன் வாங்கித் தருவாரு, வர்ற வழியில ஒன்னு." பிறகு, "தாடிதான் பாக்கச் சகிக்கல" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் நக்கல். மாத்திரை வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஆம், தாடி. பிளேடும் சாக்கில் வந்துவிட்டதே. நாலைந்து நாளில் முள்ளாக முளைத்து, பிறகு நரையும் கறுப்புமாக, மழையில் நனைந்த தேங்காய் நார் மாதிரிப் பரந்தது. அது மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தைய மாதம். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் ஒருவர் தாடி வளர்த்தால் வேண்டுதல் என்று அர்த்தம். கறி சாப்பிடவில்லை என்றால் விரதம் என்று அர்த்தம். மணியத்துக்கு இரண்டும் இருந்தன. சிரித்துக்கொண்டிருந்த லயம் மெல்ல வாயைக் கட்டிக்கொண்டது. எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கருவாடு வறுக்கும்போது சன்னலைச் சாத்தினாளாம். சாமிக்கு இருப்பவரைக் கிண்டல் செய்ய எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோப்பிக்கடையில் மணியமும் நானும் உட்கார்ந்திருந்தோம். நான் பேப்பர் படித்தேன். அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் வந்து எதிரே உட்கார்ந்தார். குரலில் மரியாதை ஏறியிருந்தது.

"என்னா மணியம், வேண்டுதலா?"

"ம்."

"காவடியா, பால்குடமா?"

"பாக்கலாம்."

"பையனுக்காகவா?"

"அவனுக்காகத்தான்."

"நல்லது லா. அன்னிக்கு நான் சொன்னதயெல்லாம் மனசுல வச்சுக்காத. ஆத்தா இருக்கா, பாத்துக்குவா. பாரு, திருவிழா முடியறதுக்குள்ள மாறிடுவான்."

மணியம் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"மாறணும்னு நா கேக்கலண்ணே."

"அப்பறம் என்னத்தக் கேட்ட?"

"இருக்கணும்னு கேட்டேன்."

கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்தினார். நான் பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மணியம் அன்றுவரை எதையும் வேண்டிக்கொண்டவர் இல்லை. பிளேடு இல்லாமல் வளர்ந்த தாடிதான் அது. ஆனால் அந்தக் கணத்தில் அது வேண்டுதலாகிவிட்டது என்று நினைக்கிறேன். வேலாயுதத்துக்கும் இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பையன். அவர் மேசையைக் கொஞ்சநேரம் விரலால் தேய்த்தார். பிறகு, "கோப்பி ஆறிடும். குடி" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. அதுவரை வந்ததே அதிகம்.

திருவிழாவில் மணியம் பால்குடம் எடுத்தார். சர்வின் கூட நடந்தான். யாரும் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பவானியின் அண்ணன் வரவே இல்லை, இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. லயம் திருந்திவிட்டது என்று நான் எழுதினால் லயமே சிரிக்கும்.

அதற்கடுத்த ஒரு வியாழன். தானா ராத்தா டாக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு, சர்வினிடம் நேராகவே கேட்டுவிட்டு, டாக்டர் ராஜம்மா சொன்னார்: "சாமான்களத் திருப்பிக் குடுக்கலாம், மிஸ்டர். பூச்சிமருந்து மட்டும் வேணாம், அது ஸ்டோர்லயே இருக்கட்டும்." பிறகு வழக்கம்போல, "கூட யாரு வந்தா?" என்றார்.

சன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தேன். தாடியோடு மணியம். பக்கத்தில் பவானி. அப்புறம் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. பெஞ்சின் கோடியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக, கோலா தெர்லா நவீன்.

"பெஞ்சு நிறைஞ்சிருக்கு டாக்டர்" என்றேன்.

வெளியே போய், நவீனை யார் கூப்பிட்டது என்று மணியத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"எம் பையன்கிட்டச் சொல்லி நான்தான் வரவச்சேன். சாக்கு கனமா இருக்கும், ஒத்தாசைக்கு ஆள் வேணுமில்ல?"

அதே சாக்கை அவர் ஒற்றை ஆளாக மோட்டாரில் ஏற்றி வந்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை. பையன்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். "டேய், பாத்து, துருவி குத்தும்" என்று நவீனைப் பார்த்துச் சொன்னார் மணியம். அந்தப் பையனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு இன்னும் வரவில்லை. 'அந்தப் பையன்' என்கிறார். அந்தப் பையன் சாப்பிட்டானா என்றும் கேட்கிறார்.

மறுநாள் காலை மணியம் மழுமழுவென்ற கன்னத்தோடு, தோளில் கத்தரியோடு பெரட்டுக்கு வந்து முன்வரிசையில் நின்றார். மத்தியானம் சர்வின் எனக்கு ஒரு டிபன் கேரியர் கொண்டுவந்தான். அம்மா கொடுத்துவிட்டாராம். திறந்தேன். பீன்ஸ், காரட், கோசு, எல்லாம் போட்ட பொரியல். அவ்வளவு பொடியாக நறுக்கிய காயை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நறுக்காமல் விட்ட அத்தனை நாளையும் பவானி அந்த ஒரு காலையில் உட்கார்ந்து நறுக்கியிருந்தார்.